குச்சி சொன்னால்தான் தண்ணீர்

சூரியத் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்த சீனியம்மா, வெயில் தாங்காமல் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தாள். கூட வேலை பார்த்த குருவம்மா அவளை வாய்க்கால் ஓரத்து நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு மோட்டார் ரூமுக்கு ஓடினாள். கொண்டுவந்த தண்ணீர் எப்போதோ தீர்ந்திருந்தது.

முன்பு தாகமெடுத்தால் பம்புசெட்டில் கையேந்திக் குடிப்பார்கள். இப்போது அங்கே சுவிட்சே கிடையாது. பாத்தியில் நட்டிருக்கும் ஈரம் பார்க்கும் குச்சி, மண் காய்ந்துவிட்டது என்று சொன்னால்தான் மோட்டார் ஓடும்.

சுவரிலிருந்த கேமராவில் அவளைப் பார்த்துவிட்டு, மதுரையில் இருக்கும் முதலாளி ஸ்பீக்கரில் அதட்டினார். "ஏ குருவம்மா, வேலைய விட்டுட்டு அங்க என்ன நிக்கிற?"

"நான் நிக்கிறது தெரியுது, விழுந்து கெடக்குறவ தெரியலயாக்கும்! சீனியம்மா மயங்கிட்டா மொதலாளி. ஒரு குடம் தண்ணி விடுங்க."

"அது என் கையில இல்லம்மா. மண்ணு ஈரமா இருக்குன்னுல்ல குச்சி காட்டுது."

"மண்ணு ஈரமாத்தான் இருக்கு. மனுசி காஞ்சுல்ல கெடக்கா!"

குருவம்மா வாய்க்கால் ஓரத்துக்குத் திரும்பி ஓடினாள். பக்கத்துப் பாத்திக்குள் இறங்கிக் குச்சியைப் பிடுங்கினாள். முந்தானையால் அழுத்தித் துடைத்து, வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

மோட்டார் உறுமியது. வாய்க்காலில் பாய்ந்த தண்ணீரை மறு கையால் அள்ளி அள்ளி சீனியம்மாவின் முகத்தில் அடித்தாள். அவள் உதடு அசைந்தது.

"குச்சிய நடு! செடி அழுகிப் போயிரும்!" என்று ஸ்பீக்கர் கத்தியது.

"அழுகட்டும். இவ எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும் நட மாட்டேன். அவசரம்னா நீங்க மதுரையிலருந்து வந்து நட்டுக்கிடுங்க."