ஒரே தெரு, இரண்டு வெளிச்சம்

தேர்தல் விளம்பரத்துக்கு நிறம் சேர்ப்பவனின் திரையில் ஒரே தெரு இரண்டாகக் கிடக்கிறது. போன வாரம் ஒரு காலையில் எடுத்த ஒரே காட்சிதான் இரண்டும். இடது பாதிக்குப் பழைய ஆட்சி என்று பெயர். அதில் சாம்பலைக் கரைத்து ஊற்றியிருக்கிறான். வலது பாதி இந்த ஆட்சி. அங்கே சுவரெல்லாம் தேன் வழிகிறது. குமிழைத் திருகினால் ஐந்து வருஷம் ஓடிவிடுகிறது. பையும் கையுமாக ஒரு பெண் தெருவைக் கடக்கிறாள். "இந்தம்மா முகத்தைப் பாருய்யா, கஷ்டம் அப்படியே சொட்டுது" என்று இடது பாதியைப் பார்த்துச் சிலாகிக்கிறார் இயக்குநர். வலது பாதியில் அவளே இடைஞ்சல். "இங்கயும் ஏன் மூஞ்சி தெளிய மாட்டேங்குது?" அவன் மஞ்சளை ஏற்றுகிறான், கன்னத்துக்குச் சிவப்பு கொடுக்கிறான். ம்ஹூம், அந்த முகம் மசியவில்லை. "சரி, இங்க மட்டும் தூக்கிடு. யாரு, தெரிஞ்சவங்களா?" என்கிறார். "இல்ல சார்." இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் தன் மனைவியை அவன் தேன் நிறச் சுவரால் பூசி மறைக்கிறான். பை போகிறது, கை போகிறது, முகம் போகிறது. வெயிலில் அவள் நிழல் மட்டும் தனியாக வீட்டைப் பார்த்து நடக்கிறது. ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, நிழலையும் துடைக்கிறான்.