முழு மதிப்பெண்

அவள் இரண்டாவது முறையாகப் பார்த்தாள். எண் மாறவில்லை.

மாதிரித் தேர்வின் முடிவு காலை எட்டு மணிக்கு வந்திருந்தது. முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம். அவளுக்கு வழக்கமான இடம்தான். அறைத்தோழி ஷெரின் நாலாயிரமாவது இடத்துக்கும் கீழே போயிருந்தாள்.

அதுவரை ஷெரினின் ரேங்க் நூறைத் தாண்டியதே இல்லை.

எல்லாப் பாடத்திலும் சரிவு. மனநல மருத்துவத்தில் மட்டும் முழு மதிப்பெண்.

பத்தொன்பது பாடங்களில் அதுதான் ஒல்லியான புத்தகம். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்பார்கள் சீனியர்கள். பயிற்சி மருத்துவர்களான ஹவுஸ் சர்ஜன்களுக்கு மனநல வார்டில் இரண்டே வாரம் டியூட்டி. அந்த இரண்டு வாரமும் எல்லோரும் அங்கே உட்கார்ந்து வேறு பாடம் படிப்பார்கள். அவளும் அப்படித்தான் படித்தாள்.

ஷெரின் ஒரு மாதமாக எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை.

ஷெரினின் போனிலேயே அவள் அந்தப் பாடத்தின் விடைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். விடியும் முன்னே விழிப்பு. பசியின்மை. பிடித்தது எதிலும் பிடிப்பில்லாமல் போவது. எத்தனை வாரம் நீடித்தால் அதை நோய் என்று சொல்லலாம். எல்லாம் சரி. எல்லாவற்றுக்கும் பத்து நொடிக்குள் பதில்.

எதிர்க் கட்டிலில் ஷெரின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சீப்புப் பட்டு நாலு நாளான தலை. மெஸ்ஸிலிருந்து எடுத்துவந்து வைத்த இட்லி மூடியபடியே இருந்தது.

டீ குடிக்கப் போகலாமா என்று அவள் கேட்டாள்.

ஷெரின் போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள்.

மார்க்கைப் பற்றிக் கவலைப்படாதே என்றாள் அவள். சொல்லும்போதே அது உதவாது என்று தெரிந்தது.

கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்கத்தான் வேண்டும். தேர்விலிருந்த அந்தக் கேள்விக்கு அவளும் சரியாகத்தான் விடை போட்டிருந்தாள்.



எழுந்து போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஷெரின், செத்துரலாம்னு தோணுதாடி?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"வரிசைய மாத்திட்ட," என்றாள் ஷெரின், சுவரைப் பார்த்தபடியே. "மொதல்ல தூக்கத்தப் பத்திக் கேக்கணும்."

அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"சரி. தூக்கம் எப்படி?"

ஷெரின் அவள் பக்கம் புரண்டு படுத்தாள்.

"இல்ல," என்றாள். பிறகு, "நீ மொதல்ல கேட்டதுக்கு, ஆமா."

அவள் ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.  பிறகு எழுந்து இருவரின் கோட்டுகளையும் எடுத்தாள்.

பத்து மணிக்கு இருவரும் வார்டுக்குக் கிளம்புவதுபோலவே கிளம்பினார்கள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. கையை மட்டும் அவள் விடவில்லை.

மனநலப் பிரிவின் வாசலில் சீட்டு வாங்க நோயாளிகளின் நீண்ட வரிசை. கவுண்ட்டரில் இருந்தவர் இவர்களைப் பார்த்ததும் பக்கத்துக் கதவைக் காட்டினார்.

"டாக்டருங்க இந்தப் பக்கமா வாங்கம்மா."

அவள் இரண்டடி வைத்துவிட்டாள்.

ஷெரின் நகரவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கோட்டைக் கழற்றினாள். அடையாள அட்டையையும் கழற்றி அதற்குள் வைத்து, மடித்து, அவளிடம் நீட்டினாள்.

பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.