அரை ஆயுள்

பதிவுப் படிவத்தில், 'மருந்தின் அரை ஆயுள்: எட்டு நாள்' என்று ஆய்வகத்தைக் கவனிக்கும் மருமகள் எழுதியிருந்ததைப் பார்த்ததும் பூச்சிமருந்து முதலாளிக்குச் சுருக்கென்றது.

"என்னம்மா இது? நம்ம சரக்கு நாலு வருஷம் கெடாது. அதுல பாதி ரெண்டு வருஷம்!"

"மாமா, அது வந்து..."

"ஆய்வகத்தோட நிறுத்திக்க. வியாபாரம் எனக்குத் தெரியும்."

'இரண்டு வருஷம்' என்று திருத்தி, பதிவு அலுவலகத்தில் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"அனுமதி கிடைக்காதுங்க."

"ரெண்டு வருஷம் பத்தாதா? மூணாப் போட்டுக்குங்க!"

"அரை ஆயுள்ங்கறது, மருந்து மண்ணுல பாதியாக் குறையற காலம்ங்க. ரெண்டு வருஷம் கிடந்தா, மழையோட இறங்கி நிலத்தடித் தண்ணியையே கெடுத்துடுமே!"

முதலாளி படிவத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். "ஐயா, நான் எழுதினது பொய்! மருமக சொன்ன எட்டு நாள்தான் நிஜம்!"

அதிகாரி சிரித்துவிட்டார். "குறைச்சு எழுதி மாட்டினவங்களைப் பார்த்திருக்கேன். கூட்டி எழுதி மாட்டினது நீங்க ஒருத்தர்தான். ஆய்வறிக்கையோட மருமகளை அனுப்புங்க. தயவுசெஞ்சு நீங்க கூடவே வராதீங்க!"