கீறல் விட்ட முட்டை

மூணாவது கோழி செட்டில் மட்டும் முட்டை ஏன் இவ்வளவு உடைகிறது? மைதிலிக்கு அதுதான் பிடிபடவில்லை.

நாமக்கல்லுக்கு வெளியே அவர்களுக்குக் கோழிப்பண்ணை. கீறல் விட்ட முட்டை லாரி ஏறாது. பொறுக்குகிற ஆளே அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது பண்ணை வழக்கம். மூணாவது செட்டில் பொறுக்குவது சின்னாயி. அவள் மகள் அபிநயா பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறவள்.

"ஓட மாட்டாளா பின்னே? எல்லாம் நம்ம முட்டை!" என்று பொருமினாள் மைதிலி.

அவள் மகள் நித்யஸ்ரீக்கும் அபிநயா வயதுதான். காலையில் பிஸ்கட், சாயங்காலம் சிப்ஸ், ஒரு கையில் எப்போதும் செல்போன். பரீட்சை சமயத்தில் மயங்கி விழுந்தாள். ரத்தம் கம்மி, முட்டை கொடுங்கள், நடக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். பண்ணைக்கார வீட்டுப் பெண்ணுக்கோ முட்டையைக் கண்டாலே குமட்டல். மைதிலி விலை கூடின டானிக்காக வாங்கிக் கொடுத்தாள். இப்போது முகம் தெளிந்திருக்கிறது. காலையில் வாக்கிங் வேறு போகிறாள். டானிக் மகிமையை மைதிலி ஊரெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

சின்னாயி வேண்டுமென்றே உடைக்கிறாள், ஆளை நிறுத்துங்கள் என்று கணவர் தனபாலை நச்சரித்தாள்.

"கண்ணுல பாத்துட்டுச் சொல்லு. இன்னைக்கே நிறுத்திரலாம்" என்றார் அவர்.

மறுநாள் காலை சின்னாயி முட்டையோடு கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து மைதிலி பின்னால் போனாள். பண்ணைக் கோடியில்தான் அவள் வீடு.

உள்ளே சின்னாயி, அவள் புருஷன், அபிநயா மூவரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாலாவதாக, முட்டைப் பொரியலை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள் நித்யஸ்ரீ.

சின்னாயி பதறி எழுந்தாள். "பாப்பாவ வையாதீங்க அம்மிணி. நான் வேணா வேலைய உட்டு நின்னுக்கறனுங்க. ஆனா முட்டைய நான் உடைக்கலீங்க."

"அப்ப யாரு உடைக்கிறது?"

"நான்தாம்மா" என்றாள் நித்யஸ்ரீ. "நல்ல முட்டை கொண்டாந்தா இந்தக்கா தொடவே மாட்டேங்குது. கீறல் முட்டைதான் எடுக்குமாம். அதான் வாக்கிங் வரப்ப செட்டுல நாலஞ்ச லேசாத் தட்டி வெச்சிருவேன்."

சின்னாயி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் முட்டைன்னா குமட்டுமே? நம்ம ஊட்டுல மலையாட்டம் கெடக்குது, அங்க திங்க மாட்டீங்கற" என்றாள் மைதிலி.

"அங்க எங்கூட உக்காந்து சாப்பிட யாரும்மா இருக்கா?"

தனபால் சாப்பிடுவது லோடு ஏற்றுகிற இடத்தில். மைதிலி சாப்பிடுவது போனில் வியாபாரம் பேசிக்கொண்டே, நின்றபடி.

போன் அடித்தது. தனபால்தான்.

"என்ன, கண்ணுல பாத்துட்டியா? நிறுத்திரட்டுமா?"

"பாத்துட்டனுங்க. தப்பு நம்ம ஊட்டுலதாங்க. நாளையிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு ஊட்டுக்கு வந்துருங்க."