மேனேஜர் வீட்டுத் துக்கம்

செத்தது யாரென்று மகேஷுக்குத் தெரியாது. ஆனாலும் ஆளுயர மாலையாகப் பார்த்து வாங்கிவிட்டான்.

“ஆம்பளையா பொம்பளையான்னாவது கேட்டீங்களா?” என்றாள் போனில் மனைவி சத்யப்பிரியா.

“அரியலூர்ல சிமெண்ட் ஆலை மேனேஜர் வூட்டுச் சாவு. அவ்வளவு தெரிஞ்சா போதும். போனை வை.”

அவள் வைக்கவில்லை. “இந்த மாசத்துக்குள்ள வேலை கிடைக்கலேன்னா ஆண்டிமடத்துக்கு வந்துடச் சொல்லிட்டாரு அப்பா. முந்திரிக்காட்டுல கொட்டை பொறுக்க ஆள் பத்தலையாம்.”

மாமனார் காட்டில் மாப்பிள்ளை கொட்டை பொறுக்குவதா! மகேஷுக்குக் காது வரைக்கும் எரிந்தது. பெரம்பலூர் பக்கம் ஜல்லி கிரஷரில் மேனேஜராக இருந்தவன் அவன். முதலாளி ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டார் என்று சாவிக்கொத்தை மேஜைமேல் விட்டெறிந்துவிட்டு வந்தவன். எறிகிற கைக்கு என்ன, சோறு போடுகிற கையா அது?

வேலை தேட அவன் பாடம் படித்தது செல்போன் வீடியோவில். கோட்டு போட்ட ஒருவர் சொன்னார்: ‘வேலை கேட்காதீர்கள். பழகுங்கள். அவரை அவரைப் பற்றியே பேசவிடுங்கள். வேலை தானாக வரும்.’

சரி, பழகுவதற்கு மேனேஜர் எங்கே அகப்படுகிறார்? ஆலை கேட்டில் செக்யூரிட்டி விடமாட்டான். கல்யாண வீட்டில் மடக்கினால் கை கழுவப் போகிறேன் என்று நழுவிவிடுவார். துக்க வீட்டில் மட்டும்தான் மனுஷன் எழுந்து ஓட முடியாது.

மாலையைப் போடும்போதுதான் தெரிந்தது, போனது ஒரு வயசான அம்மா.

வாசல் பந்தலில் மேனேஜர் வைத்திலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே வரிசையாக வெள்ளைச் சட்டைகள். எல்லார் முகத்திலும் துக்கம், எல்லார் பையிலும் ஒரு காரியம். லாரி கான்ட்ராக்டர் நல்லதம்பி துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுத அழுகையில், செத்தவளின் மகளே தன் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள், யார் பெற்ற பிள்ளையோ என்று.

மகேஷ் மேனேஜர் கையைத் தொட்டுத் துக்கம் கேட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியைப் பிடித்தான்.

“அம்மா தங்கமானவங்க சார்.”

“மாமியார்.”

“அதான் சார், பெத்த அம்மா மாதிரியில்ல இருந்தாங்க! அவங்க கையால எத்தனை தடவை காப்பி குடிச்சிருக்கேன்!”

வைத்திலிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ஏழு வருஷமா படுத்த படுக்கை தம்பி.”

“அதுக்கு முந்தி சார்.”

அடுத்து வீடியோக்காரர் சொல்லிக்கொடுத்த கேள்வியை எடுத்துவிட்டான். “இந்த நெலைமைக்கு நீங்க எப்படி சார் வந்தீங்க?”

பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“என் கதையை விடுங்க,” என்றார் வைத்திலிங்கம். “நீங்க எங்க இருந்தீங்க தம்பி?”

அவ்வளவுதான், படித்த பாடமெல்லாம் பறந்துவிட்டது. முதலில் வாயைத் திறக்கிறவன் பேரத்தில் தோற்பான் என்பது வாரச்சந்தையில் சின்ன வெங்காயம் விற்கிற பொம்பளைக்குத் தெரியும். இஞ்சினியருக்குப் படித்த மகேஷுக்குத் தெரியவில்லை. மேளச் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றிப் பேசினான்.

“அந்தக் கிரஷரே என் கையிலதான் ஓடுச்சு சார். நான் வேலையை விட்டு வந்ததுலேருந்து என் நாற்காலி காலியாத்தான் கெடக்கு. முதலாளி யார் யாரையோ பார்த்தாராம், ஒருத்தனும் தேறலை.”

“அப்படியா! சம்பளமெல்லாம் எப்படி?”

“தேதி தவறாது சார். தங்க வூடு, வண்டி எல்லாம் உண்டு. என்ன, அந்தாளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ‘சார்’னா மொறைப்பாரு. ‘அண்ணே’ன்னு கூப்பிட்டா உசிரையே குடுப்பாரு.”

“அண்ணேன்னு கூப்பிடணும்,” என்று தலையாட்டிக்கொண்டார் வைத்திலிங்கம். “அவரு நம்பர் இருக்கா?”

மகேஷுக்கு உச்சி குளிர்ந்தது. பழைய முதலாளியிடம் விசாரிக்கப் போகிறார் என்றால் பாதி வேலை கைக்கு வந்த மாதிரி!

“இதோ சார். கோவத்துல என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாரு, மனசுல வச்சுக்காதீங்க.”

“சேச்சே. உங்களைப் பத்தி நான் கேக்கவே மாட்டேன்.”

எவ்வளவு பெரிய மனசு! அந்தச் சந்தோஷத்தில் மகேஷ் பாடைக்கே போய்த் தோள் கொடுத்துவிட்டான். சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அம்மாவுக்கு நீங்க என்ன முறை வேணும்?” என்று பின்னால் வந்தவர் கேட்டார்.

“நான் மேனேஜருக்கு வேண்டியவன்.”

வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு, துண்டைக்கூட எடுக்காமல் சொன்னான்: “கொட்டை பொறுக்க வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லு உங்கப்பாவை.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வைத்திலிங்கமே போன் செய்தார். சத்யப்பிரியாவும் கேட்கட்டும் என்று மகேஷ் ஸ்பீக்கரில் போட்டான்.

“தம்பி, உங்களை உசிரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன். அன்னிக்கு வந்த அத்தனை பேரும் என்கிட்ட ஏதாச்சும் ஒண்ணு கேட்டாங்க. குடுத்தது நீங்க ஒருத்தர்தான்.”

“நான் என்ன சார் குடுத்தேன்?”

“என்னை ஆலையிலேருந்து வீட்டுக்கு அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சு. வெளிய சொல்லலை. நாளைக்கு உங்க கிரஷர்ல நான் மேனேஜரா சேர்றேன் தம்பி.”