மூன்று இடத்தில் முத்திரை

"அந்த உத்தரவு இன்னைக்குக் கைக்கு வரலேன்னா, நாளைக்கு எங்க கேஸ் செத்துரும் ஐயா" என்றாள் எனலேசி.

இயக்குநர் லாயிட் மங்குலாமா டையைச் சரிசெய்துகொண்டார். முலாஞ்சே மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆவணக் காப்பகத்துக்குப் பதினாறு வருஷமாக அவர்தான் தலைவர். யாராவது உதவி என்று வந்தால் முதலில் அவருடைய டை நேராகும், பிறகு தொண்டை.

"இந்த நாட்டோட ஞாபகம் முழுக்க இந்தச் சாவிக்கொத்துலதாம்மா தொங்குது. தேடுவோம்."

எனலேசி பள்ளிக்கூட ஆசிரியை. அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று நாலு தலைமுறையாக இறங்கி வந்திருக்க வேண்டிய நிலம் ஒன்று அவள் குடும்பத்துக்கு இருந்தது. உலகப் போரின்போது பட்டாளத்துத் தேவைக்கு என்று, பிறகு திருப்பித் தருவதாக ஓர் உத்தரவும் எழுதி, வெள்ளைக்கார அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. போர் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், கொடி மாறியது, நிலம் மட்டும் திரும்பவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ப்ளாண்டயர் கோர்ட்டில் கடைசி விசாரணை. சொன்னதை நிரூபிக்க அவளிடம் ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது.

"இப்ப அந்த நெலத்துல யாரு இருக்கா?" என்று கேட்டார் மங்குலாமா.

"சர்க்கார் ஆளுங்கதான் ஐயா. காலி பண்ற எண்ணமே இல்ல."

"அடுத்தவங்க நெலத்துல உக்காந்துக்கிட்டுத் தூக்கம் எப்படி வருது அவங்களுக்கு?"

"நல்லாவே வருது ஐயா. பகல்லயே."

தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்த உதவியாளர் யோதாமுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. ஐம்பது வயதில் முப்பது வருஷத்தை அங்கேயே கழித்தவர். தூசியென்றால் அவருக்கு ஆகாது.

போர்க்காலப் பெட்டிகள் மொத்தம் நாற்பத்திரண்டு. மூடுவதற்கு மூன்று மணி நேரம் இருந்தது. மங்குலாமா கோட்டைக் கழற்றினார். இது நடந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோதாமுக்கே நினைவில்லை. அடுத்த மாதம் காப்பகத்தின் பொன்விழாவுக்கு மந்திரி வருகிறார். 'ஓர் ஏழைப் பெண்ணுக்கு நீதி வாங்கிக் கொடுத்த காப்பகம்' என்று ஒரு படம் மாட்டினால், அதன் ஓரத்தில் தானும் நிற்கலாம் என்று இயக்குநருக்குள் ஒரு கணக்கு ஓடியது.

பதினேழாவது பெட்டியில் ஒரு புகைப்படம் கிடைத்தது. போருக்கு முன்னால் மலையேற வந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் பயண ஆல்பத்திலிருந்து கழன்றது. இரண்டு பாறைகள், நடுவில் ஊற்று, பக்கத்தில் பானையோடு ஒரு பெண். பின்னால் பென்சிலில், 'தன் நிலத்தில் நமதிங்கா' என்று எழுதியிருந்தது.

எனலேசி படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். நமதிங்கா அவளுடைய கொள்ளுப்பாட்டி. பெயராக மட்டும் கேட்டவளின் முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். மங்குலாமா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் காலத்துப் புகைப்படக் கலையின் நேர்த்தியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பாறையை அவர் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு முப்பத்தொன்பதாவது பெட்டி. கம்பளிக் கணக்குத் தாள்களுக்கு நடுவே, மடித்த மடிப்பு கலையாமல், உத்தரவு.

"போர் முடிந்து ஆறு மாதத்துக்குள், நமதிங்காவின் வழிவந்த பெண்களிடம் இந்த நிலம் ஒப்படைக்கப்பட வேண்டும்." எனலேசி வாய்விட்டுப் படித்தாள். இரண்டாவது முறை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். யோதாம் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அடுத்த பக்கத்தில் இடத்தின் எல்லைகள் இருந்தன. எனலேசி அதையும் படித்துப் பார்க்கச் சொல்லி நீட்டினாள். மங்குலாமா சிரித்தார். படிப்பது வருகிறவர்கள் வேலை, எண்ணிக் காப்பது தன் வேலை என்பது அவருடைய கொள்கை. பதினாறு வருஷத்தில் ஒரு தாள் தொலைந்ததில்லை. ஒரு தாளை அவர் படித்ததுமில்லை. "மூணு தாள்" என்று எண்ணிவிட்டு, சான்றுப் பிரதியில் மூன்று இடத்தில் முத்திரை குத்தினார். அதோடும் மனசு ஆறாமல் தன் சொந்தக் கையெழுத்தில் ஒரு கடிதமும் எழுதிச் சேர்த்தார்: 'இந்தக் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. இதை நானும் என் அலுவலகமும் முழுமனத்தோடு ஆதரிக்கிறோம்.'

மறுநாள் மாலை எனலேசி எண்ணெயில் பொரித்த மந்தாசிப் பணியாரம் ஒரு கூடையோடு படியேறி வந்தாள். ஓட்டமும் நடையுமாக வந்ததில் மூச்சு வாங்கியது. மங்குலாமா டையை இறுக்கிக்கொண்டு, படம் எடுக்கத் தோதாக வாசலுக்கே வந்து நின்றார்.

"ஜெயிச்சுட்டோம் ஐயா. அரை மணி நேரத்துல தீர்ப்பு. உங்க கடுதாசியப் பாத்துட்டு, இதுக்கு மேல விசாரிக்க ஒண்ணுமில்லேன்னுட்டாரு ஜட்ஜ்."

"என் எழுத்துக்கு அவ்வளவு மரியாதையா?" என்று கேட்டார் மங்குலாமா, தெரியாதவர்போல.

"பின்ன? எடத்துல இருக்கிறவரே ஆதரிக்கும்போது, அப்புறம் யாரு எதுத்துப் பேசுவா?" எனலேசி கோர்ட்டு முத்திரை போட்ட உறையை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். "மூணு மாசம் டயம் குடுத்திருக்காங்க ஐயா. பெட்டியெல்லாம் நீங்க நிதானமாவே ஏத்திக்கலாம்."

மங்குலாமா உறையையும், ஒரு காலத்தில் பட்டாளத்தின் கம்பளிக் கிடங்காக இருந்த தன் காப்பகத்தின் வாசலையும், எதிரே ஊற்றை நடுவில் வைத்து நின்ற இரண்டு பாறைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஒரு நோட்டீஸ்கூட வரலியே" என்றார்.

"நாலு வந்துச்சு ஐயா" என்றார் யோதாம், மந்தாசியை மென்றுகொண்டே. "நீங்க சொன்ன மாதிரியே, உறையப் பிரிக்காம நம்பர் போட்டு, கரையான் மருந்து வச்சு, பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன்."