போயிட்டு வா

காட்டின் ஓரத்தில் ஈரச் சருகும் ஒரு நத்தையும் சேர்ந்து குடியிருந்தன. கோடைதோறும் பக்கத்துப் புல்மேட்டிலிருந்து தீ அங்கே வந்து நிற்கும்.

"உள்ளே வரலாமா?"

"நான் ஈரமா இருக்கேன். போயிட்டு வா," என்று சருகு சொல்லும். தீயும் மறுபேச்சில்லாமல் அங்கேயே அணைந்துபோகும்.

ஒரு வருஷம் மழைக்காலம் முடிந்ததும் ஆட்கள் வந்து பெரிய மரங்களை மட்டும் வெட்டி லாரியில் ஏற்றினார்கள். கழித்த கிளைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். முதல்முறையாகச் சருகின் மேல் வெயில் விழுந்தது.

"எவ்வளவு இதமா இருக்கு," என்று சருகு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"எனக்கு உடம்பெல்லாம் காயுதே. உனக்குக் காயலையா?" என்றது நத்தை.

"காய்ஞ்சா என்ன? காலமெல்லாம் நனைஞ்சே கிடந்தாச்சு. இப்பதான் உடம்பு லேசா இருக்கு."

நத்தை ஓட்டுக்குள் போனது. "மழை வந்ததும் தட்டு, திறக்கிறேன்," என்று சொல்லி வாசலை அடைத்துக்கொண்டது.

அடுத்த கோடையில் தீ வந்து வழக்கம்போல் கேட்டது. சருகும் பழக்கத்தில், "நான் ஈரமா இருக்கேன். போயிட்டு வா," என்றது.

தீ அதை நம்பித் திரும்பியது. திரும்பும்போது அதன் ஓரம் சருகின் மேல் லேசாகப் பட்டது. காய்ந்த சருகு பற்றிக்கொண்டது. வெட்டிப்போட்ட கிளைகள் தீயைக் காடு முழுக்கக் கொண்டுபோயின.

பிறகு மழை வந்தது. தட்டுவதற்குச் சருகு இல்லை. கருகிய ஓட்டின் மேல் மழையே வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தது.